கரிச்சானிடம் கொடுத்த காவல்

மலையடிவாரக் காட்டில் நான்கு கூட்டங்கள் குடியிருந்தன. மேட்டுப் புல்லில் புள்ளிமான்கள். முட்புதரில் முயல்கள். மூங்கில் தோப்பில் மயில்கள். பாறை இடுக்கில் முள்ளம்பன்றிகள். நான்கு கூட்டத்துக்கும் தண்ணீர் ஒரே இடத்தில்தான். அதற்கு நாவல் மடு என்று பெயர்.

முள்ளம்பன்றி பகலில் வெளியே வருமா என்று கேட்காதீர்கள். சித்திரை வெயிலில் நாக்கு வறண்டால் எதுவும் எந்நேரமும் வரும்.

மடுவை மேற்பார்வை பார்க்க நான்கு கூட்டமும் சேர்ந்து ஓர் ஆளை வைத்திருந்தன. அவள் பெயர் வேலாத்தாள். முள்ளம்பன்றி. அவள் கெட்டிக்காரி என்று நினைத்து வைக்கவில்லை. அந்த வேலைக்கு வேறு யாரும் வர மாட்டேன் என்றதால் வைத்தார்கள். கோபம் வந்தால் அவள் முதுகு முள் எல்லாம் விறைத்துக்கொண்டு நிற்கும். அந்தக் கோடையில் அவை படுத்ததே இல்லை.

அவளுக்கு ஒரே பிள்ளை, சில்லான். பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. முதுகில் முள் முளைத்திருந்ததே தவிர, இன்னும் முற்றவில்லை. தொட்டால் கோரைப்புல் மாதிரி வளைந்தது. சிறுத்தை பார்த்தால் விடுமா? அந்த முள் முற்றும்வரை இந்தப் பிள்ளை தினமும் தண்ணீர் குடித்துவிட்டு உயிரோடு வீடு திரும்ப வேண்டும். வேலாத்தாளுக்கு வேறு ஆசையே கிடையாது.

ஆனால் மடுக்கரையில் நடந்த கூத்தைப் பார்த்தால் அந்த ஆசை நிறைவேறும் என்று தோன்றவில்லை.

ஒவ்வொரு கூட்டமும் தனக்கென்று தனியாக ஒரு காவல் போட்டிருந்தது. மான் காவல் ஆபத்தைக் கண்டால் காலை உதைத்துக் குரைக்கும். முயல் காவல் பின்னங்காலால் மண்ணைத் தட்டும். மயில் காவல் அகவும். முள்ளம்பன்றிக் காவல் வால் முள்ளைக் கிலுகிலுவென்று ஆட்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிழக்குக் கரையில் ஒரு புங்கமரம் இருந்தது. நல்ல நிழல். நான்கு காவலும் அந்த நிழலிலேயே ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நின்றன. நான்கும் ஒரே பக்கத்தைப் பார்த்தன. மேற்குக் கரையில் ஆள் உயரத்துக்கு நாணல் வளர்ந்து கிடந்தது. அந்தப் பக்கம் ஒருவரும் திரும்பவே இல்லை.

"யாராவது ஒருத்தர் அக்கட்டப் போய் நில்லுங்களேன்!" என்றாள் வேலாத்தாள்.

"எங்க கன்னுக இந்தப் பக்கமாத்தான் இறங்கும். நாங்க இங்கதான் நிப்போம்!" என்றது மான் காவல்.

"நிழலுக்கு முதல்ல வந்தது நாங்க!" என்றது மயில் காவல்.

"அங்க வெயிலுங்க அத்தை!" என்றது முள்ளம்பன்றிக் காவல். அது அவள் சொந்தத் தம்பி மகன். அவளுக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒருநாள் காலையில் நாணலுக்குள்ளிருந்து சிறுத்தை வந்தது. வராமல் என்ன செய்யும்? யாரும் பார்க்காத பக்கம் அது ஒன்றுதான்.

மயில் காவல் இறகு கோதத் திரும்பியபோது தற்செயலாக அதைப் பார்த்துவிட்டது. உடனே தொண்டை கிழிய அகவியது. மயில்கள் எல்லாம் சடசடவென்று மூங்கிலுக்குப் பறந்தன. மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குடித்தன. முயல்கள் தலையைத் தூக்கவே இல்லை. சிறுத்தை ஒரு முயலைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

வேலாத்தாள் சில்லானை இழுத்துக்கொண்டு பாறைக்கு ஓடினாள். அவனை உள்ளே தள்ளிவிட்டு, மூச்சு வாங்க முயல் தலைவி குப்பாயியிடம் வந்தாள்.

"ஏம்புள்ள குப்பாயி, மயில் அந்தக் கத்து கத்துச்சே, உங்க ஆளுக காதுல விழுகலையா?"

"விழுந்துச்சுங்க அக்கா!" என்று அழுதாள் குப்பாயி. "ஆனா அது மயில் வீட்டுச் சத்தமாச்சுங்களே! நம்ம காவல் மண்ணைத் தட்டினாத்தான நாம ஓடணும்?"

வேலாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். முள்ளம்பன்றிக்கு அது சுலபமான காரியமில்லை. பார்த்துத்தான் அடித்துக்கொள்ள வேண்டும்.

அன்றைக்கே நான்கு கூட்டத்தையும் மடுக்கரைக்கு வரச் சொன்னாள். மான் தலைவர் கொம்பையன் வந்தார். மயில் தலைவர் சேனாபதி தோகையைப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தார். குப்பாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இருக்கிறது ஒரு மடு. வர்றது ஒரு சிறுத்தை. காவல் மட்டும் எதுக்கு நாலு?" என்றாள் வேலாத்தாள். "நாலு காவலையும் ஒண்ணாச் சேருங்க. ஆளுக்கு ஒரு திசையில நிறுத்துங்க. யார் சத்தம் குடுத்தாலும் எல்லாரும் ஓடுங்க. அவ்வளவுதான்!"

எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"மயில் கத்துறதுக்கெல்லாம் மான் ஓடணுமா?" என்று கொம்பையன் கொம்பை ஆட்டினார். "எங்க வம்சத்துல அப்படி ஒரு வழக்கமே இல்ல!"

"முயல் தட்டினா நாங்க பறக்கணுமாம்! கேட்டீங்களா அநியாயத்தை!" என்றார் சேனாபதி. "நாளைக்கு முயலு சொன்னாத்தான் தோகையை விரிக்கணும்பீங்க!"

"எங்க ஆளு மானுக்கும் சேர்த்துக் காவல் காக்கணுமா? மான் எங்களுக்கு என்ன செஞ்சுது?" என்றாள் குப்பாயி. காலையில்தான் அவள் வீட்டில் ஒரு உயிர் போயிருந்தது.

வேலாத்தாள் என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். ஒருவரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. ஆளாளுக்கு நாட்டாமை.

அப்போது புங்கமரத்துக் கிளையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏனுங்க, சண்டை எதுக்குங்க? நான் ஒரு வழி சொல்லட்டுங்களா?"

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கரிச்சான் குருவி ஒன்று இரட்டை வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உடம்பு முழுக்கக் கறுப்பு. பெயர் வெள்ளியங்கிரி.

"காவலை எங்ககிட்ட விட்டுடுங்க!" என்றது வெள்ளியங்கிரி. "நாங்க கிளை மேல இருக்கறவங்க. எங்களுக்குத் தெரியாம ஒரு எறும்பு நகர முடியாது. உங்க ஆளுக வீட்டுல போய்ப் படுக்கட்டும். எங்களுக்குப் பெருசா எதுவும் வேண்டாம். நீங்க மேயும்போது புல்லுல இருந்து வெட்டுக்கிளி பறக்குது பாருங்க, அதுதான் எங்களுக்குக் கூலி. நாங்க சொல்ற பக்கமா மேஞ்சாப் போதும்."

"யார் குரல்ல சத்தம் குடுப்பே?" என்று சந்தேகமாகக் கேட்டார் கொம்பையன்.

"உங்க குரல்லயேதாங்க!" என்ற வெள்ளியங்கிரி அச்சு அசலாக மான் மாதிரியே குரைத்துக் காட்டியது.

"அட! எங்கப்பன் குரலு!" என்று கொம்பையனின் வாய் பிளந்தது.

அடுத்து மயில் மாதிரி அகவியது. சேனாபதிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மண்ணைத் தட்டும் ஓசையைத் தொண்டையிலேயே எழுப்பியது. குப்பாயி பாதி ஓடிவிட்டுத் திரும்பி வந்தாள். கடைசியில் முள் ஆட்டும் சத்தத்தையும் செய்தது. பாறைக்குள்ளிருந்த முள்ளம்பன்றிகள் கைதட்டாத குறை.

ஒரே நொடியில் எல்லோருக்கும் சம்மதம்! பக்கத்து வீட்டு மயில் கத்தினால் ஓட மானம் இடம் கொடுக்காதவர்களுக்கு, எங்கிருந்தோ வந்த குருவி கத்தினால் ஓடுவதில் ஒரு வெட்கமும் இல்லை. இதை நினைத்தால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

"ஒரே கிளையில உட்கார்ந்து ஒரே சிறுத்தையைப் பார்க்கப் போகுது அது!" என்று கத்தினாள் வேலாத்தாள். "அதுக்கு நாலு கூட்டமும் தனித்தனியாக் கூலி குடுக்கப் போறீங்களா?"

"நாலு குரலாச்சே அம்மணி!" என்றார் சேனாபதி, ஏதோ அவள்தான் கணக்குத் தெரியாதவள் போல.

இப்படியாகக் காவல் கரிச்சான்கள் கைக்குப் போனது. பழைய நான்கு காவல்காரர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலாத்தாளின் தம்பி மகனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போன கையோடு பாறை இடுக்கில் படுத்தவன் மழைக்காலம்வரை எழுந்திருக்கப் போவதில்லை என்றான்.

பொய் சொல்லக் கூடாது. முதலில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. சிறுத்தை நாணலை விலக்குவதற்கு முன்பே வெள்ளியங்கிரியின் ஆட்கள் நான்கு குரலிலும் கத்தினார்கள். நான்கு கூட்டமும் ஓடித் தப்பின. சிறுத்தை வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனது.

"பாத்தியா வேலாத்தா?" என்றார் கொம்பையன்.

தான்தான் வீண் பிடிவாதம் பிடித்தோமோ என்று அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஆனால் கரிச்சானுக்கு வயிறு என்று ஒன்று இருக்கிறதே! மான்கள் நின்று நிதானமாக மேய்ந்தால் எத்தனை வெட்டுக்கிளி பறக்கும்? கூட்டமாகத் தலைதெறிக்க ஓடினால் புல்வெளி முழுக்கப் பறக்கும். வெள்ளியங்கிரி இதைச் சீக்கிரமே கண்டுகொண்டது. அதற்குப் பிறகு சிறுத்தை வராத வேளையிலும் சத்தம் வர ஆரம்பித்தது.

"சிறுத்தை! சிறுத்தை!" என்று அர்த்தமாகும் குரைப்பு. மான்கள் புல்லில் விழுந்து ஓடும். வெட்டுக்கிளிகள் கிளம்பும். கரிச்சான்கள் மேலே பாய்ந்து பாய்ந்து தின்னும். கொஞ்ச நேரம் கழித்து முயல்களின் முறை. அப்புறம் மயில்கள். சில்லான் தண்ணீரில் வாயை வைத்தவுடன் கிலுகிலு சத்தம் கேட்கும். குடிக்காமலேயே திரும்பி ஓடுவான். நாளாக ஆகப் பிள்ளைக்கு விலா எலும்பு தெரிந்தது.

வேலாத்தாள் புங்கமரத்தடிக்குப் போய் நின்றாள்.

"ஏப்பா வெள்ளியங்கிரி! காலையில இருந்து ஓடிக்கிட்டே இருக்கோம். சிறுத்தையோட வாலைக் கூட யாரும் பார்க்கல. என்ன விளையாட்டு இது?"

"சிறுத்தை வந்தாச் சத்தம் குடுக்கணும்னு பேசியிருக்கோம். குடுக்கறமா இல்லீங்களா?"

"குடுக்கறீங்க. ஆனா வராதபோதும் குடுக்கறீங்களே!"

"வராதபோது குடுக்கக் கூடாதுன்னு எப்பங்க பேசினோம்?" என்று கேட்டது வெள்ளியங்கிரி. குரலில் அவ்வளவு மரியாதை!

வேலாத்தாளின் முள் எழுந்து நின்றது. மேலும் நான்கு கேள்வி கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள். வெள்ளியங்கிரி இன்னும் உயரமான கிளைக்குப் போய்விட்டது. முள்ளம்பன்றி மரம் ஏறுமா?

கொம்பையனிடம் போய் முறையிட்டாள்.

"எங்க குரல்ல கத்தறதைப் பத்தி நீ எப்படி அம்மா கேள்வி கேப்பே? அது எங்களுக்கும் கரிச்சானுக்கும் உள்ள பேச்சு!" என்றார் அவர். ஓடி ஓடி அவருக்கே மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை.

இதற்கிடையே இன்னொன்றும் நடந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. மான் காவல் வீட்டிலேயே கிடந்து தின்று தின்று கொழுத்துப்போனது. மயில் காவலுக்கு வெயிலில் நிற்கும் பழக்கம் விட்டுப்போனது. அந்தக் கோடையில் பிறந்த குட்டிகளுக்கு மண்ணைத் தட்டவும் தெரியவில்லை, தட்டினால் என்ன என்றும் தெரியவில்லை. காற்றில் வாடை மாறினால் மூக்கை உயர்த்த வேண்டும் என்று அவற்றுக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள்? கிளையைப் பார்த்தன. கிளை பேசாவிட்டால் நிம்மதியாக இருந்தன.

பிறகு செந்நாய்கள் வந்தன.

மலைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் வற்றியதால் கூட்டமாக இறங்கி வந்தன. வேலாத்தாளுக்குத்தான் முதலில் வாடை பட்டது. புங்கமரத்தைப் பார்த்தாள். வெள்ளியங்கிரி கிளையில் உட்கார்ந்து மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தது. செந்நாய்கள் வரும் திசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு சத்தம் இல்லை!

வேலாத்தாள் தானே வால் முள்ளை ஆட்டினாள். கிலுகிலுவென்று மடுக்கரை முழுக்கக் கேட்டது.

"ஓடுங்க! செந்நாய்! ஓடுங்க!"

கொம்பையன் தலையைத் தூக்கினார். "என்ன வேலாத்தா, மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா? கரிச்சான் ஒண்ணும் சொல்லலையே!"

"என் கண்ணால பார்க்கிறேன் அண்ணா!"

"ஆபத்துன்னா அது சொல்லும்" என்றார் அவர். மறுபடி குடிக்கக் குனிந்தார். அவர் பக்கத்தில் அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி, புள்ளி இன்னும் பளிச்சென்று இருந்த குட்டிக் கன்று, தாத்தாவைப் பார்த்துத் தானும் குனிந்தது.

அதற்கு மேல் நேரமில்லை. வேலாத்தாள் சில்லானைப் பாறையோடு சேர்த்துத் தள்ளி, தன் முதுகை வெளிப்பக்கம் திருப்பி, முள்ளை விரித்துக்கொண்டு நின்றாள். ஒரு செந்நாய் பாய்ந்து மூக்கில் முள் வாங்கிக்கொண்டு ஊளையிட்டது. இன்னொன்று பக்கவாட்டில் நுழைந்து சில்லானின் பின்னங்காலைக் கடித்தது. அவள் பின்பக்கமாகவே மோதினாள். அது விட்டுவிட்டு ஓடியது. பிள்ளை பிழைத்தான். கால் மட்டும் நொண்டியாகிவிட்டது.

கொம்பையனின் பேத்தி பிழைக்கவில்லை.

செந்நாய்கள் போன பிறகு எல்லோரும் புங்கமரத்தடியில் கூடினார்கள். வேலாத்தாள்தான் கேட்டாள்.

"பார்த்துக்கிட்டுத்தான இருந்தே? ஏன் கத்தலை?"

"எங்களுக்கும் வருத்தந்தாங்க" என்றது வெள்ளியங்கிரி. "ஆனா நம்ம பேச்சு சிறுத்தைக்குத்தானுங்க? செந்நாயைப் பத்தி யாரும் சொல்லலையே! அதையும் சேர்க்கணும்னா மேற்குப் பக்கப் புல்லுலயும் நாங்க சொல்றபடி மேயுங்க. பேசிக்கலாம்."

மனசு இருக்கிறவர்கள் பேசும் பேச்சா இது? கொம்பையன் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேலாத்தாளுக்கு அவர்மேல் இருந்த கோபம் எல்லாம் போய்விட்டது. அந்த இடத்தில் அவளும் அழுதாள்.

மறுநாள் கூட்டம் போட்டார்கள். இப்போதாவது புத்தி வந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

"கரிச்சான் சரிப்படாது" என்று ஆரம்பித்தார் சேனாபதி. "மைனாவுக்குக் குடுத்துப் பார்க்கலாம். மைனாவும் எல்லார் குரல்லயும் பேசும். கூலியும் கம்மி!"

வேலாத்தாளின் முள் விறைத்த வேகத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் இரண்டடி தள்ளி உட்கார்ந்தார்கள்.

"அப்ப அவங்கவங்க காவலை அவங்கவங்க திரும்பப் போட்டுக்குவோம்" என்றாள் குப்பாயி. "பழையபடி இருந்துக்கலாங்க."

"பழையபடி இருந்தப்பதான உன் வீட்டு உயிர் போச்சு!" என்று வெடித்தாள் வேலாத்தாள். "நாலும் நிழல்ல நின்னு ஒரே பக்கம் பார்த்தது மறந்துபோச்சா? நாலையும் தனித்தனியா வெச்சுச் சீரழிஞ்சோம். நாலையும் தூக்கி வெளியாளு கையில குடுத்து அதைவிடச் சீரழிஞ்சோம். இடையில ஒரு வழி இருக்குன்னு அன்னைக்கே சொன்னேன். கேட்டீங்களா? எங்க முதுகுல முள்ளுதான் இருக்கு, மூளை இல்லைன்னு நினைச்சீங்களா?"

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெட்கம் வந்ததாலா, அந்த முள்ளைப் பார்த்துப் பயம் வந்ததாலா என்று சொல்ல முடியாது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள் அவள், குரலைத் தணித்து. "கரிச்சானோட குஞ்சு எங்க தண்ணி குடிக்குது?"

"நமக்கு எட்டாத மேல ஓடையில" என்றார் சேனாபதி. "பறந்து போய்க் குடிக்கும்."

"மைனாவோட குஞ்சு?"

"அதுவும் அங்கதான்."

"நம்ம காவல்காரன் குட்டி?"

"இங்க... இந்த மடுவுலதான்."

"அதான் அண்ணா வித்தியாசம்!" என்றாள் வேலாத்தாள். "கத்தலாமா வேண்டாமான்னு அவன் பேச்சைப் புரட்டிப் பார்க்க மாட்டான். சிறுத்தையா, செந்நாயா, மலைப்பாம்பான்னு பிரிச்சுப் பார்க்க மாட்டான். முதல்ல கத்துவான். அப்புறம்தான் யோசிப்பான். தூங்கிட்டான்னா நாம போய்க் காதைத் திருகலாம். அவன் உயரக் கிளைக்குப் பறந்துபோக முடியாது."

கொம்பையன் தலையை நிமிர்த்தினார்.

"யார் சத்தத்துக்கும் ஓடலாம்" என்றார். "முயல் தட்டினாலும் ஓடுவோம்."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு மற்றவர்கள் மறுக்கவில்லை.

உடனே எல்லாம் சரியாகிவிட்டதா? எங்கே! காவல்காரர்களைத் தட்டி எழுப்பவே பெரும்பாடு பட வேண்டியிருந்தது. மான் காவலுக்குக் காலை உதைத்தால் தொப்பை குலுங்கியது. மயில் காவலுக்குத் தொண்டை கட்டியிருந்தது. வேலாத்தாளின் தம்பி மகனை அவள் முள்ளாலேயே குத்தி வெளியே கொண்டுவந்தாள். செந்நாய்கள் வந்து போன பிறகு, முயல்களில் காவல் நின்று பழகிய ஆள் யாரும் மிஞ்சவில்லை. கடைசியில் குப்பாயியே தான் நிற்கிறேன் என்று வந்தாள். யாரும் விரும்பாத மேற்குக் கரையை, நாணல் பக்கத்தை, அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

குட்டிகளை நிறுத்திப் பழக்கினார்கள். மயில் அகவினால் முயல்குட்டி ஓட வேண்டும். முள் கிலுகிலுத்தால் மான்கன்று ஓட வேண்டும். முதலில் எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு விழுந்தன. பெரியவர்கள் குட்டிகளைவிட மோசம். சேனாபதி ஒவ்வொரு தடவையும் "சத்தம் குடுத்தது யாரு?" என்று விசாரித்துவிட்டுத்தான் பறந்தார்.

"விசாரிச்சு முடிக்கறதுக்குள்ள தோகை சிறுத்தை வாயில இருக்கும்!" என்று கத்திக் கத்தியே வேலாத்தாளுக்குத் தொண்டை போனது.

கரிச்சான்கள் கிளையில் உட்கார்ந்து இதையெல்லாம் வேடிக்கை பார்த்தன. "எங்க குரல் சுத்தம் இவங்களுக்கு வருமா?" என்று வெள்ளியங்கிரி சிரித்தது. குரல் சுத்தமாகத்தான் இல்லை. அதை யாரும் மறுக்கவில்லை.

வைகாசி பிறந்து கொஞ்ச நாளில் சிறுத்தை திரும்பி வந்தது. நாணல் வழியாகத்தான்.

சில்லான் அப்போது தண்ணீர் ஓரத்தில் நின்று குடித்துக்கொண்டிருந்தான். நொண்டிக் காலால் வேகமாக ஓட முடியாது. முள் இன்னும் முழுதாக முற்றவில்லை. நாணலுக்கும் அவனுக்கும் நடுவில் குப்பாயி மட்டும்தான் இருந்தாள்.

நாணலின் நுனி அசைந்தது. காற்று இல்லாமல் அசைந்தது. குப்பாயி அது சிறுத்தையா, உடும்பா என்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பின்னங்காலைத் தூக்கி மண்ணைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள்.

அந்தச் சின்னச் சத்தத்தைத் தெற்குக் கரையில் நின்ற முள்ளம்பன்றிக் காவல் கேட்டுக் கிலுகிலுத்தது. மயில் காவல் கட்டிய தொண்டையோடு அகவியது. மான் காவல் தொப்பை குலுங்கக் குரைத்தது. சேனாபதி யார் என்று கேட்கவில்லை. தோகையைச் சுருட்டிக்கொண்டு முதல் ஆளாகப் பறந்தார். மான்கள் பாய்ந்தன. முயல்கள் சிதறின. வேலாத்தாள் ஓடிவருவதற்கு முன்பே சில்லான் நொண்டிக்கொண்டே பாறை இடுக்கை எட்டிவிட்டான். குப்பாயி கடைசியாகப் புதருக்குள் புகுந்தாள்.

சிறுத்தை மடுக்கரையில் வந்து நின்றது. குளம்படி பதிந்த சேறுதான் இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

அபாயம் நீங்கியதும் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். வந்தவுடன் என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? புகார் சொன்னார்கள்.

"முயல் தட்டறது ரொம்ப மெதுவாக் கேக்குதுங்க!" என்றது ஒரு மான்.

"எங்க ஆளுக்கு எந்நேரமும் எதிர்வெயில் அடிக்குது. இது நியாயமா அம்மணி?" என்றார் சேனாபதி.

"அங்கதான நிக்கிறாங்க! போய் அவங்ககிட்டயே சொல்லுங்க! என் உயிரை எதுக்கு எடுக்கறீங்க?" என்று எரிந்து விழுந்தாள் வேலாத்தாள்.

அவர்கள் உண்மையாகவே போய்ச் சொன்னார்கள். குப்பாயி நாணலிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கெட்டி மண்ணாக இருந்த இடத்துக்கு மாறி நின்றாள். அங்கே தட்டினால் நன்றாகக் கேட்டது. மயில் காவலும் முள்ளம்பன்றிக் காவலும் வெயிலுக்கு ஏற்ப இடம் மாற்றிக்கொண்டன. வேலாத்தாள் வியப்போடு பார்த்தாள். கரிச்சான் காவல் காத்த காலம் முழுக்கச் சொன்ன ஒரு புகாருக்குக்கூட இப்படி ஒன்று நடந்ததில்லை.

கொம்பையன் மட்டும் புகார் எதுவும் சொல்லவில்லை. பேத்தி போனதிலிருந்து அவர் தன் வீட்டுக் கன்றுகள் எதையும் மடுவுக்கு அழைத்து வரவில்லை. அவை பச்சிலையில் இருந்த ஈரத்தை உறிஞ்சியே காலம் தள்ளிக்கொண்டிருந்தன. எல்லோரும் கலைந்த பிறகு அவர் மெதுவாக மேற்குக் கரைக்கு நடந்தார். குப்பாயியின் முன்னால் போய் நின்றார். அவ்வளவு பெரிய கொம்பை அவள் உயரத்துக்குத் தாழ்த்தினார்.

"நாளைக்கும் இந்தப் பக்கம் நீதான் நிப்பியா குப்பாயி?"

"நானேதானுங்க" என்றாள் அவள். "என் குட்டியும் இங்கதான் குடிக்கும்."

"அப்பச் சரி" என்றார் கொம்பையன். "நாளைக்கு மிச்சமிருக்கற கன்னுகளைக் கூட்டிட்டு வாரேன்."

கேட்டுக்கொண்டிருந்த வேலாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த ஒரு வார்த்தையை முதல் கூட்டத்திலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா இவர்கள்!

யார் காதில் ஏறுமோ ஏறாதோ, சொல்லிவைக்கிறேன்: ஆளுக்கொன்றாகச் செய்து வீணாக்கும் வேலையை அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து ஒன்றாகச் செய்துகொள்ளுங்கள், நம் மடுவில் தண்ணீர் குடிக்காதவனிடம் மட்டும் அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.